85 சதவீதம் முடிந்துவிட்ட மென்பொருள்

சிறிய மென்பொருள் திட்டங்களின் வாராந்திர அறிக்கையில் "இத்தனை சதவீதம் முடிந்தது" என்று எழுதும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அதை வெளியில் சொல்லும்போதெல்லாம், அப்படியானால் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நின்ற இடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் அதற்கு இல்லை. ஆகவே அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் செல்லுபடியாகும், எந்த இடத்தில் அதைக் கைவிட வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் ஒருமுறை முழுமையாக எழுதிப் பார்க்க விரும்பினேன். நான்கைந்து நிரலாளர்கள், சில மாத உழைப்பு, பயன்படுத்தப்போகும் ஒரே ஒரு நிறுவனம் என்ற அளவிலான திட்டங்களே இங்கே என் மனத்தில் இருப்பவை. நூற்றுக்கணக்கானோர் உழைக்கும் பெருந்திட்டங்களின் சிக்கல்கள் வேறு வகையானவை.

சதவீதம் என்பதற்குப் பகுதி ஒன்று, முழுமை ஒன்று என இரண்டு எண்கள் வேண்டும். செய்து முடித்த வேலையின் அளவு நமக்கு ஓரளவு தெரியும். செய்ய வேண்டிய மொத்த வேலையின் அளவோ வேலை முடிகிற நாளில்தான் உறுதியாகத் தெரிகிறது. இடைப்பட்ட காலத்தில் நாம் வகுத்துக்கொண்டிருப்பது, நமக்குத் தெரிந்த வேலைகளின் மொத்தத்தால் மட்டுமே. தெரியாத வேலைகள் கணக்கில் ஏறாத காரணத்தால் அந்த எண் எப்போதும் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும். பெல் ஆய்வகத்தின் டாம் கார்கில் கூறியதாகக் கணினி அறிஞர் ஜான் பென்ட்லி 1985இல் பதிவுசெய்த ஒரு விதி இத்துறையில் பலருக்கும் தெரியும்: நிரலின் முதல் 90 சதவீதம் திட்டக் காலத்தின் முதல் 90 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது, மீதமுள்ள 10 சதவீதம் இன்னொரு 90 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. பலரும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சிரிப்பை விடவும் கணக்காகவே படுகிறது, ஏனென்றால் வகுக்கும் எண் வளர்ந்துகொண்டே போனால் விடை அப்படித்தான் வரும்.

மொத்த வேலையைத் தொடக்கத்திலேயே இன்னும் கவனமாக மதிப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். பாரி போம் 1981இல் வெளியிட்ட மென்பொருள் பொருளாதார ஆய்வில், திட்டம் வெறும் கருத்தளவில் இருக்கும்போது செய்யப்படும் மதிப்பீட்டை ஒட்டி உண்மையான அளவு நான்கில் ஒரு பங்காகவும் அமையலாம், நான்கு மடங்காகவும் அமையலாம் என்று காட்டினார். இது கவனக்குறைவால் வருவது அன்று. எதைச் செய்யப்போகிறோம் என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை என்பதால் வருவது. மென்பொருளுக்கு வெளியிலும் இதே நிலைதான். 1994இல் ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் உளவியல் மாணவர்களிடம் அவர்களுடைய ஆய்வேடு எப்போது முடியும் என்று கேட்டபோது, மாணவர்கள் சராசரியாக ஏறத்தாழ 34 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்துக்கொண்டதோ ஏறத்தாழ 55 நாள். ஒரே ஆள், தன்னுடைய வேலை, தானே குறித்த நாள் என்று எல்லாம் கைக்குள் இருந்தும் கணிப்பு இவ்வளவு விலகியது என்றால், பிறருடைய தேவையைப் பிறருடைய சொற்களில் கேட்டு எழுதப்படும் மென்பொருளுக்கு முதல் நாள் மதிப்பீடு எவ்வளவு தாங்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இவையெல்லாம் நூல்களில் கிடைக்கும் வாதங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த எண்ணம் உறுதிப்பட்டது ஒரு கிடங்கு மென்பொருளால்.

சலானுடன் வந்தவர்

ஒரு விநியோக நிறுவனத்துக்காகச் சரக்கு வரவு, வெளியேற்றம், கையிருப்பு, அறிக்கைகள் ஆகியவற்றைக் கையாளும் மென்பொருளை நால்வர் குழு ஒன்று எழுதிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அந்தக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். திட்டம் ஒழுங்காகத்தான் இருந்தது. தரவுத்தளம், சேவையக நிரல், திரைகள், அறிக்கைகள், சோதனை என்று வேலை அடுக்கடுக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் அடுக்குக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்ற கணக்கும் அட்டவணையில் இருந்தது. அந்தக் கணக்கின்படி திட்டம் 85 சதவீதம் முடிந்திருந்தது. அந்த எண்ணை யாரும் மிகைப்படுத்தவில்லை என்பதை நான் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். தரவுத்தள அட்டவணைகள் உண்மையிலேயே எழுதப்பட்டிருந்தன. திரைகளும் அழகாகவே இருந்தன. நான்கு பேரும் நேர்மையாக உழைப்பவர்கள்.

வாடிக்கையாளருக்கு டெமோ காட்டும் நாள் வந்தது. மேலாளர் ஒவ்வொரு திரையையும் பார்த்துத் தலையசைத்தார். அவருடன் வந்திருந்த கிடங்குப் பொறுப்பாளர், வயதில் மூத்தவர், கடைசி வரை எதுவும் பேசாமல் அமர்ந்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். அன்று காலை இறங்கிய லாரிச் சரக்கின் டெலிவரி சலான் அது. "எல்லாம் நன்றாக இருக்கிறது தம்பி, இந்த ஒரு லாரியை மட்டும் இதில் ஏற்றிக் காட்டுங்கள்" என்றார்.

ஏற்ற முடியவில்லை. சரக்கு வரவுத் திரை இருந்தது, அதைச் சேமிக்கும் சேவையக நிரலும் இருந்தது. ஆனால் ஒன்று அனுப்பும் தகவலை மற்றொன்று வேறு பெயரில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அதை அங்கேயே அமர்ந்து சரிசெய்த பிறகு, சலானில் சரக்கு பெட்டிக் கணக்கில் இருப்பதும் மென்பொருள் அதை உதிரிக் கணக்கில் கேட்பதும் தெரிந்தது. ஒரு பெட்டியில் எத்தனை உதிரி என்பதைச் சொல்லிவைக்க எங்கும் இடமில்லை. சலானில் இருந்த மூன்று பெட்டிகள் நசுங்கிப்போய்த் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. வந்ததில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொள்ளும் வழி மென்பொருளில் இல்லை. பொறுப்பாளர் தம் பெயரில் உள்நுழையவும் முடியவில்லை, ஏனெனில் பயனர்களை உருவாக்கும் திரை அடுத்த மாத அட்டவணையில் இருந்தது. அவர் கோபப்படவில்லை. தாளை முன்போலவே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை தம்பி, முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள்" என்றார்.

அந்தச் சொற்களில் இருந்த கனிவு இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அவருடைய அளவுகோலில் அந்தத் திட்டத்தின் நிலை பூச்சியம். ஒரு லாரியைக்கூட அது கையாளவில்லை. எங்கள் அளவுகோலில் 85. இரண்டுமே அவற்றுக்குரிய முறையில் சரியாகக் கணக்கிடப்பட்டவைதான் என்பதே என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. யாரும் பொய் சொல்லாமல், யாரும் சோம்பியிருக்காமல், இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி உருவாயிற்று? நான் வந்துசேர்ந்த விடை இதுதான்: வேலை வெட்டப்பட்டிருந்த விதம் அப்படி. ஒரு லாரி, கிடங்கின் வாசலிலிருந்து கையிருப்புப் பதிவேடு வரை, எல்லா அடுக்குகளையும் குறுக்காகக் கடந்து போகிறது. நாங்கள் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே நிரப்பிக்கொண்டிருந்தோம். அடுக்குகள் எல்லாம் நிரம்பும் வரை எந்த லாரியும் கடக்க முடியாது. அதுவரை அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதும் யாருக்கும் தெரியாது.

வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய ஆய்வுரையை, அருவி முறை என்று பின்னாளில் பெயர்பெற்ற அடுக்குமுறைத் திட்டமிடலின் தொடக்கமாகப் பலரும் காட்டுகிறார்கள். அந்த உரையிலேயே அவர், அந்த எளிய வடிவத்தில் அதைச் செயல்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று எழுதியிருக்கிறார். காரணமும் சொல்கிறார்: மென்பொருளின் வேகமும் சேமிப்பும் உள்ளீடு வெளியீடுகளும் ஆராய்ந்து கணித்தவையாக இல்லாமல் அனுபவத்தில் முதன்முறையாகத் தெரியவருவது கடைசியில் நிகழும் சோதனைக் கட்டத்தில்தான். அவர் பேசியது மாபெரும் அமைப்புகளைப் பற்றி. நால்வர் குழுவிலும் அப்படியே நடக்கிறது என்பதை அந்தச் சலான் எனக்குக் காட்டியது.

மறுபடி வெட்டியது

அடுத்த வாரம் அட்டவணையைக் கலைத்து, எஞ்சிய வேலையையும் முடிந்ததாகக் கருதப்பட்ட வேலையையும் சேர்த்துக் கீற்றுகளாக வெட்டினோம். ஒரு கீற்று என்பது கிடங்கில் இருக்கும் ஒரு மனிதர் செய்யும் ஒரு செயல், தொடக்கத்திலிருந்து முடிவு வரை. "லாரியில் வந்த ஒரே வகைச் சரக்கைப் பொறுப்பாளர் பதிவுசெய்து, கையிருப்பு கூடியிருப்பதைத் திரையில் பார்க்கிறார்" என்பது முதல் கீற்று. "வந்த சரக்கில் சேதமான பெட்டிகளைக் கழித்து மீதியை ஏற்றுக்கொள்கிறார்" என்பது இன்னொன்று. "பெட்டியில் வந்ததை உதிரியாக வெளியேற்றுகிறார்" என்பது மற்றொன்று. ஒவ்வொன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும், அந்த வாக்கியத்தில் ஒரு மனிதர் இருக்க வேண்டும், தரவுத்தளம் என்ற சொல்லோ சேவையகம் என்ற சொல்லோ வரக் கூடாது என்பதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும் என்று தோன்றினால் அதை மேலும் மெல்லியதாக வெட்டினோம்.

முதல் கீற்றைக் கிடங்கிலிருக்கும் கணினியிலேயே நிறுவ வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நிரலாளரின் மடிக்கணினியில் ஓடுவதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று முடிவுசெய்தோம். மென்பொருள் முறைகளைப் பற்றி எழுதும் ஆலிஸ்டர் காக்பர்ன் இப்படிப்பட்ட முதல் வடிவத்தை 'நடக்கும் எலும்புக்கூடு' என்று அழைப்பார்: சதை எதுவும் இல்லாவிட்டாலும் தலை முதல் கால் வரை எல்லா எலும்புகளும் இணைந்து நடந்தாக வேண்டும். எங்கள் எலும்புக்கூடு நடக்கத் தொடங்க எல்லோரும் எதிர்பார்த்ததைவிட அதிக நாள் எடுத்தது. கிடங்குக் கணினியில் பழைய உலாவி இருந்தது. இரும்பு அலமாரிகளுக்கு இடையில் இணையத் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. பதிவுசெய்து கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால், எழுதியது போயிற்றா இருக்கிறதா என்று தெரியாமல் மீண்டும் பதிவுசெய்வார்கள், சரக்கு இருமுறை ஏறிவிடும். இவற்றில் ஒன்றுகூடப் பழைய அட்டவணையின் எந்த அடுக்கிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எல்லாம் கடைசி வாரத்தில் ஒரே நேரத்தில் வந்து விழுந்திருக்கும். இப்போது ஒரே ஒரு வகைச் சரக்கை வைத்துக்கொண்டு, பதற்றமில்லாமல், ஒவ்வொன்றாகத் தீர்க்க முடிந்தது.

முன்னேற்றத்தைச் சொல்லும் முறையும் தானாகவே மாறிவிட்டது. கிடங்கில் ஒருவர், பக்கத்தில் எங்களில் யாரும் அமர்ந்திருக்காமல், தம் அன்றாட வேலைக்காக ஒரு கீற்றைப் பயன்படுத்திவிட்டால் அது ஒன்று. அதுவரை அது பூச்சியம். பாதி, முக்கால் என்பதெல்லாம் கிடையாது. வாராந்திர அறிக்கையில் இரண்டே எண்கள்: பயன்பாட்டில் இருப்பவை எத்தனை, எஞ்சியிருப்பவை எத்தனை. எஞ்சியவற்றின் எண்ணிக்கை சில வாரங்களில் கூடவும் செய்தது, ஏனெனில் பயன்படுத்தத் தொடங்கியதும் புதிய தேவைகள் கண்ணில் பட்டன. பழைய முறையில் இத்தகைய வளர்ச்சி சதவீதத்துக்குள் மறைந்துபோயிருக்கும். இப்போது மேலாளர் அதை நேரடியாகப் பார்த்தார், ஏன் கூடியது என்று கேட்டார், எங்களால் ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டிப் பதில் சொல்ல முடிந்தது.

எப்போது முடியும் என்ற கேள்விக்கும் இதிலிருந்தே பதில் கிடைக்கிறது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று கீற்றுகள் பயன்பாட்டுக்குப் போகின்றன, 14 மீதமிருக்கின்றன என்றால், ஐந்து வாரத்திலிருந்து ஏழு வாரம் என்று சொல்லலாம். இது அந்தக் குழு, அந்தக் கிடங்கு, அந்த இணையத் தொடர்பு எல்லாவற்றையும் உள்ளடக்கிய அளவீடு; யாருடைய நம்பிக்கையையும் சார்ந்தது அன்று. ஆனால் முதல் சில கீற்றுகள் முடியும் வரை இந்த அளவீடு கிடைக்காது. அதுவரை பொறுத்திருக்கும்படி வாடிக்கையாளரிடம் கேட்பதற்குத் துணிவு வேண்டும். ஒரு நாளைக் குறித்துச் சொல்லிவிட்டு அன்றைய கூட்டத்தை நல்லபடியாக முடித்துக்கொள்வது எவ்வளவு எளிது என்பது எனக்குத் தெரியும்.

கையில் எத்தனை வேலை

கீற்றுகளாக வெட்டிய பிறகும் ஆபத்து ஒன்று உண்டு. நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு மூன்று கீற்றுகளைத் திறந்துவைத்துக்கொண்டால், எல்லாம் பாதியில் நிற்கும், எதுவும் கிடங்குக்குப் போகாது. காத்திருக்கும் வரிசைகளை ஆராயும் வரிசைக் கோட்பாட்டில் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய எளிய சமன்பாடு இங்கே அப்படியே பொருந்துகிறது: கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை தொடங்கி முடிய ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும். ஒன்பது கீற்றுகள் திறந்திருந்து வாரத்துக்கு மூன்று முடிகின்றன என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று வாரம் கிடக்கும். அதே வேகத்தில் மூன்றை மட்டும் திறந்துவைத்தால் ஒவ்வொன்றும் சராசரியாக ஒரு வாரத்தில் தொடங்கி முடிந்துவிடும். வேகம் கூடவில்லை, உழைப்பும் கூடவில்லை. ஆனால் ஒரு கீற்றில் உள்ள தவறான புரிதல் மூன்று வாரத்துக்குப் பதில் ஒரு வாரத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. நால்வர் குழுவில் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் திறக்கக் கூடாது என்று வைத்தோம். அதன் பொருள், எப்போதும் இருவராவது ஒரே கீற்றில் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது. தொடக்கத்தில் இது பலருக்குப் பிடிக்கவில்லை. தனக்கென்று ஓர் அடுக்கு, அதில் தன் விருப்பப்படி ஒழுங்கு என்று பழகியவர்களுக்கு இது இடைஞ்சலாகவே இருந்தது, அதை நான் குறைவாக எண்ணவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இன்னும் இரண்டு நிரலாளர்களைச் சேர்த்துக்கொள்ளலாமே என்ற யோசனை வந்தது. நல்லெண்ணத்தில் வந்ததுதான். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்ப்பது அதை மேலும் தாமதமாக்கும் என்று பிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதினார். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ் 360 இயங்குதள உருவாக்கத்தை முன்னின்று நடத்திய அனுபவத்தில் எழுதியது அது. சிறிய குழுவில் இதன் கணக்கு இன்னும் கூர்மையாகத் தெரியும். நான்கு பேருக்கு இடையில் ஆறு இணைகள். ஆறு பேருக்கு இடையில் பதினைந்து. புதிதாக வந்த இருவருக்கும் பெட்டிக்கும் உதிரிக்கும் உள்ள தொடர்பிலிருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டியவர்கள், அந்த வாரம் கீற்றுகளை முடித்துக்கொண்டிருக்க வேண்டிய அதே நால்வர்தான். கனிவாக மறுத்துவிட்டோம். அதற்குப் பதிலாகக் கிடங்கிலிருந்து ஒருவருடைய நேரத்தை நாள்தோறும் ஒரு மணி நேரம் கேட்டுப் பெற்றோம். எனக்குத் தெரிந்தவரை ஒரு சிறிய திட்டத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பயனுள்ள கூடுதல் ஆள், அந்த வேலையை அன்றாடம் செய்பவர்தான்.

கீற்றாக வெட்டக் கூடாதவை

இந்த முறையை எல்லாவற்றுக்கும் நீட்டிவிட முடியாது என்பதை எனக்கு உணர்த்தியவர் அந்தக் குழுவில் தரவுத்தளத்துக்குப் பொறுப்பாக இருந்த நண்பர். இன்றைய கீற்றுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் எழுதுவோம் என்று நான் சொன்னபோது, சில முடிவுகளை அப்படி எடுக்க முடியாது, எடுத்தால் பின்னால் பிரிக்கவே முடியாது என்று அவர் உறுதியாக நின்றார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு கையிருப்பைச் சேமிக்கும் முறை. முதல் கீற்றுக்கு ஒவ்வொரு சரக்குக்கும் எதிரில் ஓர் எண் போதும்: இப்போது இருப்பது இவ்வளவு. வந்தால் கூட்டு, போனால் கழி. ஆனால் ஒரு நாள் கணக்கு உதைத்தால், அந்த எண் எப்படி அப்படி ஆயிற்று என்று கேட்க வழியே இருக்காது. மாறாக, ஒவ்வொரு வரவையும் வெளியேற்றத்தையும் திருத்தத்தையும் அழிக்காமல் தனித்தனிப் பதிவாக வைத்து, கையிருப்பை அவற்றின் கூட்டாகக் கணக்கிட்டால், எந்த நாளின் நிலையையும் திரும்பிப் பார்க்கலாம். முதல் முறையிலிருந்து இரண்டாவதுக்குப் பாதியில் மாறினால், பழைய நாட்களின் வரலாறு ஒருபோதும் திரும்பக் கிடைக்காது. அது எங்கும் எழுதப்படவே இல்லை.

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதன் பிறகு கீற்றுகளைத் தொடங்கும் முன், பிற்பாடு மாற்றுவது மிகக் கடினமான முடிவுகள் எவை என்று பார்க்க ஒரு முழு நாளை ஒதுக்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவை பெரும்பாலும் தரவின் வடிவத்தைச் சார்ந்தவை. எந்த அலகில் சேமிப்பது; பணத்தொகையை மிதவைப் புள்ளி எண்ணாக (பின்னங்களைக் கணினி இரும முறையில் தோராயமாகச் சேமிக்கும் வகை) வைக்காமல் மிகச் சிறிய நாணய அலகின் முழு எண்ணாகவோ தசம வகையாகவோ வைப்பது, ஏனெனில் 0.1, 0.2 இரண்டையும் இரும முறையில் துல்லியமாக எழுத முடியாது, கூட்டினால் கணினி 0.3க்குச் சற்று விலகிய விடையைத் தரும்; யார் எப்போது மாற்றினார் என்பதைப் பதிவது; பெயர் மாறினாலும் மாறாத அடையாள எண்ணைச் சரக்குக்குத் தருவது. திரையின் வடிவம், அறிக்கையின் வரிசை, பொத்தானின் இடம் ஆகியவற்றையெல்லாம் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டு வகைகளையும் பிரித்தறிவதே சிறிய திட்டத்தில் அனுபவம் மிக்க ஒருவரால் ஆகக்கூடிய முதன்மையான உதவி என்று நினைக்கிறேன்.

பழைய தரவை மாற்றுவதும் கீற்றுக் கணக்கில் எளிதாக அடங்காத வேலை. கிடங்கின் பழைய எக்செல் கோப்புகளில் ஒரே சரக்கு பல பெயர்களில் இருந்தது. எழுத்துப் பிழைகளால் பிரிந்தவை சில, உண்மையிலேயே வெவ்வேறு சரக்குகள் சில. எது எந்த வகை என்பதை எந்த நிரலாலும் முடிவுசெய்ய இயலாது. கிடங்கில் உள்ளவர்கள்தான் அலமாரியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அது அவர்களுடைய உழைப்பு, அதற்கு அவர்களுடைய நாட்கள் ஒதுக்கப்பட வேண்டும், அந்த நாட்களில் அவர்களின் வழக்கமான வேலையை யார் பார்ப்பது என்பதும் முடிவாக வேண்டும். நிரலாளர்களின் அட்டவணையில் "தரவு மாற்றம், மூன்று நாள்" என்று ஒரு வரியாக இது எழுதப்பட்டிருப்பதைப் பல திட்டங்களில் பார்க்கிறேன். ஓர் அலமாரியின் சரக்கை மட்டும் முதலில் மாற்றிப் பார்த்து, அதற்கான நேரத்தைக் கொண்டு மீதியைக் கணித்தோம். அது மூன்று நாளை எங்கோ தாண்டிச் சென்றது. முன்கூட்டியே தெரிந்ததால் ஏற்பாடு செய்துகொள்ள முடிந்தது.

நாள் அசையாதபோது

ஆண்டுக் கையிருப்புக் கணக்கெடுப்பு நாளுக்குள் புதிய மென்பொருள் பயன்பாட்டில் இருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் தேவை. அந்த நாளை யாராலும் தள்ளிவைக்க முடியாது. அளவீட்டின்படி எல்லாக் கீற்றுகளும் அதற்குள் முடியாது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. தேவைகளைக் கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம் என்று நான்காகப் பிரிக்கும் முறையை டாய் கிளெக் 1994இல் வகுத்தார். அதை ஏற்றுக்கொண்ட, டிஎஸ்டிஎம் எனப்படும் திட்ட மேலாண்மை முறை, கட்டாயம் என்ற பிரிவு மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அறிவுறுத்துகிறது. நல்ல அறிவுரை. ஆனால் மேசையில் அமர்ந்து பிரிக்கச் சொன்னால் எல்லாமே கட்டாயத்துக்குள் போய்விடும். எங்களிடமும் முதலில் அப்படித்தான் ஆயிற்று.

கிடங்குப் பொறுப்பாளர்தான் அதையும் தீர்த்துவைத்தார். ஒவ்வொரு கீற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது இல்லையென்றால் அன்றைக்கு லாரி வாசலில் நிற்குமா?" என்று தமக்குள் கேட்டுக்கொள்வதுபோல் உரக்கக் கேட்பார். நிற்கும் என்றால் கட்டாயம். அறிக்கைகள் என்ற தலைப்பில் பட்டியலிடப்பட்டிருந்தவற்றில் நாள் முடிவுக் கையிருப்பு ஒன்றைத் தவிர மற்ற எதற்காகவும் லாரி நிற்காது என்றார். அவற்றுக்குத் தேவையான தரவை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிந்தால் போதும் என்றார். மேலாளர் நெடுநேரம் யோசித்தார், ஏனென்றால் அந்த அறிக்கைகளைக் கேட்டவர் அவர்தான். இறுதியில் ஒப்புக்கொண்டார். இத்தகைய முடிவை எடுக்கும் உரிமை வாடிக்கையாளர் தரப்பில் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர் கூட்டத்திலும் இருக்க வேண்டும். குழுவாக முடிவெடுப்பார்கள் என்று விட்ட திட்டங்களில் இது நடந்து நான் பார்த்ததில்லை.

கணக்கெடுப்பு நாளுக்கு முன் சில வாரங்கள் பழைய எக்செல் முறையும் புதிய மென்பொருளும் ஒருங்கே ஓடின. இது இருமடங்கு வேலை. கிடங்கில் உள்ளவர்கள் சலித்துக்கொண்டார்கள், அதில் நியாயம் இருந்தது. இரண்டு கணக்குகளும் ஒவ்வொரு மாலையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது யார், ஒத்துப்போகாவிட்டால் எது சரியென்று கொள்வது, பழையதை மூடும் நாள் எது என்ற மூன்றையும் முன்பே எழுதிவைத்ததால் அந்தச் சலிப்பு சண்டையாக மாறவில்லை.

பணம் எதற்கு

இவ்வளவுக்குப் பிறகும் சதவீதம் ஓர் இடத்தில் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒப்பந்தத்தில். "வடிவமைப்பு முடிந்ததும் இத்தனை பங்கு, நிரலாக்கம் முடிந்ததும் இத்தனை பங்கு" என்று தவணைகள் எழுதப்பட்டிருக்கும்போது, குழு அடுக்கடுக்காக வேலை செய்வதுதான் அதற்கு லாபம். கீற்றுகளாக வெட்டுவோம் என்று எவ்வளவு பேசினாலும் பணம் வரும் திசையிலேயே வேலை போகும். இப்போது நான் பங்கேற்கும் ஒப்பந்தங்களில் தவணைகளைக் கீற்றுகளோடு இணைத்து எழுதச் சொல்கிறேன். முதல் தவணை, ஒரு சரக்கு வரவைப் பயனர் தம் கணினியில், பிறர் உதவியின்றி, முழுமையாகப் பதிவுசெய்யும்போது. அதற்குமுன் ஒரு சிறு தொகை முன்பணமாக, அந்த முதல் கீற்றுக்கான உழைப்பை ஈடுகட்டும் அளவுக்கு. அதன் பிறகு ஒவ்வொரு தவணையும் குறிப்பிட்ட சில கீற்றுகள் பயன்பாட்டுக்கு வந்ததும்.

வாடிக்கையாளர்கள் இதை விரைவில் ஏற்றுக்கொள்கிறார்கள். தயக்கம் மென்பொருள் எழுதும் தரப்பிலிருந்தே வருகிறது. கிடங்கில் யாரும் பயன்படுத்த முன்வராவிட்டால் எங்கள் பணம் நின்றுவிடாதா என்று கேட்கிறார்கள். சரியான கவலை, அதற்கும் ஒப்பந்தத்தில் இடமிருக்க வேண்டும். பயன்படுத்திப் பார்க்க ஒருவரைக் குறிப்பிட்ட நாளுக்குள் அனுப்பாவிட்டால் அந்தக் கீற்று ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்ற ஒரு வரி போதும். இன்னொரு வரியும் வேண்டும்: பட்டியலில் இல்லாத புதிய கீற்று ஒன்று உள்ளே வரும்போது, அதே அளவுள்ள, இன்னும் தொடங்காத ஒன்று வெளியே போகும், அல்லது நாளும் தொகையும் எழுத்தில் மாறும். எது வெளியே போவது என்பதை வாடிக்கையாளர் தேர்ந்தெடுப்பார். இரண்டும் ஒரே அளவுதானா என்பதை நிரலாளர்கள் சொல்வார்கள்.